ஒருத்தருக்குக் கூட முதுகு வளையலையே

போன வருஷம் ஜூன்ல அம்மா ஒன்றரை மாசம் நெதர்லாந்துக்கு வந்து என்கூட இருந்தாங்க. ட்யூலிப் சீசன் முடிஞ்சு போயிருந்துச்சு, காத்தாலை பாத்தாச்சு, கால்வாய்ல போட்ல போயாச்சு, சீஸ் கடையில சாம்பிள் வாயில போட்டுட்டு "கெட்டுப்போன வாடை வருதுடி"ன்னு சொல்லி கடைக்காரப் பொண்ணைப் பாத்து சிரிச்சும் வச்சாச்சு. மிச்சம் இருந்த ஒரு மழை நாள்ல ஹார்லம் ஊருக்கு, டைலர்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்பார்ன ஆத்தங்கரையில இருக்கு, 1784-ல திறந்தது, நெதர்லாந்துலயே பழைய மியூசியம் அதான். எலும்புக்கூடு, கல்லு, பித்தளை மிஷின் எல்லாம் பாத்து அம்மா ரொம்ப குஷியா தான் இருந்தாங்க. கடைசியா டிராயிங் வச்சிருக்குற ரூமுக்குப் போனோம். பழைய பேப்பருக்கு வெளிச்சம் ஆகாதுங்கறதால அங்க லைட்டை நல்லா கம்மி பண்ணி வச்சிருப்பாங்க, உள்ள போனதும் எல்லாரும் தானா குரலைத் தாழ்த்திடுவாங்க, கர்ப்பகிரகத்துக்குப் போற மாதிரி.

அங்க எனக்குன்னு ஒரு ஆளு உண்டு. யான் வான் ஹோயன், 1600-கள்ல இருந்த டச்சு பெயின்டர். ரெம்பிராண்ட் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு இல்ல. இங்க வந்த முதல் குளிர்காலத்துல, வேலை சரியில்லாம, பேசறதுக்கு ஆளில்லாம இருந்தப்ப, மியூசியம் கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு சனி ஞாயிறு சுத்துனேன். அப்ப பிடிச்சுப் போனவர் இவர். கருப்பு சாக்கட்டியில பரபரன்னு கோடு போட்டு, அது மேல பிரஷ்ல சாம்பல் கலரைத் தண்ணியா ஓட விட்டிருப்பார், அவ்ளோ தான். ஆறு, ஓடம், கூரை வீடு, மேல மேகம். ரொம்ப நாள் என் ஃபோன் வால்பேப்பரே அவரோட ஒரு ஓடத்துறை தான். அதனால அம்மாவை அந்தப் படம் முன்னாடி நிறுத்தி, ஏதோ நானே வரைஞ்ச மாதிரி பெருமையா, "இதான்மா அந்தக் காலத்து கிராமம், அப்படியே இருக்கு பாரு"ன்னேன்.

படம் சின்னது. 19 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், உயரம் 11. ஓரத்துல வி.ஜி. 1653ன்னு சின்னதா கையெழுத்து. முக்கால்வாசி வானம், அதுலயும் பாதி வெறும் பேப்பர். அடியில ஒரு நூல் அளவுக்கு தூரத்துக் கரை, அதுல ஒரு சர்ச் கோபுரம், புள்ளி மாதிரி. இடது பக்கம் ஆத்துக்குள்ள விழப்போற மாதிரி சாஞ்சு நிக்குற ஒரு கூரை வீடு. தட்டையான ஒரு ஓடம், அதுல ஒரு வண்டி, ரெண்டு மாடு. கரையில அஞ்சாறு பேரு. கிட்டப் போய்ப் பாத்தா ஒவ்வொரு ஆளும் அஞ்சாறு கோடு தான், தொப்பிக்கு ஒண்ணு, முதுகுக்கு அழுத்தமா ஒண்ணு, காலுக்கு ரெண்டு, கையில குச்சி இருந்தா அதுக்கு ஒண்ணு. முதுகுக் கோட்டை மட்டும் சாக்கட்டியைத் திருப்பிப் பிடிச்சு அமுக்கி இழுத்திருக்கார், மழைக்கு முன்னாடி போட்டுக்குற கனமான கோட்டு அப்படியே தெரியும். எல்லாரும் நமக்கு முதுகு காட்டிட்டு ஆத்தையே பாத்துட்டு நிக்குறாங்க.

அம்மா கண்ணாடியை நெத்தியில தூக்கி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் அடுத்த படம், அதுக்கு அடுத்தது, அந்த சுவர் முழுக்க ஒரு சுத்து வந்துட்டு என்கிட்ட திரும்பி வந்தாங்க.

"ஏண்டி, கிராமம்னு சொன்ன. இவ்ளோ பேரு இருக்காங்க, ஒருத்தருக்குக் கூட முதுகு வளையலையே?"

நடவு, களை, அறுப்புன்னு முப்பது வருஷம் குனிஞ்சவங்க கேக்குறாங்க. என்கிட்ட பதில் இல்ல. "இது ஆர்ட்மா"ன்னு ஏதோ சொன்னேன், சொன்ன உடனே எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அம்மா "சரி சரி"ன்னுட்டு பெஞ்சுல உக்காந்து ஷூவைக் கழட்டி கால் விரலை நீட்டி மடக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் விஷயம் அதோட முடிஞ்சுது. எனக்கு இன்னும் முடியல.

எறும்பு சைஸ்ல நாலு பேரு

முதல்ல வந்தது கோவம் தான், ஒத்துக்குறேன். நாம ரசிச்ச ஒண்ணை ஒரே வரியில யாராவது கவுத்துட்டா வர்ற கோவம். அதனால அம்மா சொன்னது தப்புன்னு காட்ட அடுத்த ரெண்டு மூணு மாசம் ஆதாரம் தேடினேன். அம்மா ஊருக்குப் போயாச்சு, இருந்தாலும் தேடினேன்.

ஆவர்காம்ப்னு அதே காலத்து இன்னொரு பெயின்டர் ஞாபகம் வந்தார். காம்ப்பன் ஊர்க்காரர், பேச்சு வராது, ஊர்ல அவரை ஊமைன்னே தான் கூப்பிட்டிருக்காங்க. உறைஞ்ச ஆத்து மேல ஊரே திரண்டு நிக்குறதை வாழ்நாள் முழுக்க வரைஞ்சவர். அவரோட கலர் டிராயிங் நிறைய இன்னைக்கு இங்கிலாந்து ராஜ குடும்பத்து கலெக்‌ஷன்ல, விண்ட்சர் கோட்டையில இருக்கு. அதுல வேலை செய்யற ஆளு உண்டு. பனிக்கட்டியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கறவன், நாணல் கட்டு சுமக்கறவன், இழுவை வண்டியில பீப்பாய் தள்ளறவன். ஆனா படத்தை நேர்மையா பாத்தா பத்துப் பேருல ஏழு பேரு சறுக்கி விளையாடுறான், ஒருத்தன் விழுந்து கிடக்குறான், ரெண்டு பேரு வேடிக்கை பாக்குறான். ஆத்துல வேலை நின்னு போன நாளைத் தான் மனுஷன் தேடித் தேடி வரைஞ்சிருக்கார்.

அடுத்து ரெம்பிராண்ட். 1640-கள்லயும் அதுக்கு அப்புறம் கொஞ்ச வருஷமும் ஆம்ஸ்டெல் ஆத்தங்கரையிலயும் டீமன் பக்கத்து கடல் அணை மேலயும் நடந்து போய் நடந்து போய் குடியானவங்க வீடுங்களா வரைஞ்சு தள்ளியிருக்கார். 1656-ல அவர் கடன் கட்ட முடியாம திவாலானப்ப வீட்டுல இருந்த சாமான் எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்தாங்க, அதுல "ரெம்பிராண்ட் நேர்ல பாத்து வரைஞ்ச நிலக்காட்சிகள்" நிறைஞ்ச ஒரு புத்தகம்னு ஒரு வரி இருக்கு. அந்தக் கால டச்சுக்காரங்களுக்கு அது ஒரு முக்கியமான வார்த்தை, நார் ஹெட் லேவன், உசிரோட இருக்கறதைப் பாத்து வரையறது. மனசுல இருந்து வரையறது வேற. ரெம்பிராண்டோட அந்த வீடுங்களைப் பாத்தா நாணல் பேனாவுல ஒரு இழுப்பு இழுத்திருப்பார், வைக்கோல் கூரை முழுசா அந்த ஒரு இழுப்புல வந்துடும், ஈரம் பட்டு ஒரு பக்கம் கனத்துத் தொங்குறது கூட தெரியும். ஆனா ஆளு? பெரும்பாலும் இருக்காது. கதவு பாதி திறந்திருக்கும், உள்ள இருட்டு, அவ்ளோ தான். 1641-ல செம்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்ச ஒரு காத்தாலை படம் இருக்கு, ரொம்ப ஃபேமஸ். நிஜத்துல அந்த மில்லுக்கு ஊர்ல பேரு சின்ன நாத்த மில்லு. தோல் பதனிடறவங்க சங்கத்தோடது, தோலை மெதுவாக்க மீன் எண்ணெய் யூஸ் பண்ணுவாங்க, அந்த வாடை ஊரையே தூக்குமாம். படத்துல அதோட ஒவ்வொரு பலகையும் இருக்கு. அந்த மீன் எண்ணெயில கையை விட்டவன் எவனும் இல்ல.

கடைசியா ரைஸ்டால், அவரும் அதே காலத்து பெயின்டர். அவர்கிட்ட தான் ஜெயிச்சேன்னு நினைச்சேன். ஹார்லமைச் சுத்தி இருந்த மணல் மேடு மேல நின்னு, கீழ துணி வெளுக்குற மைதானத்தை சாக்கட்டியிலயும் பெயின்ட்டுலயும் திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்கார். லினன் துணியைச் சாம்பல் காரத்துல ஊறப்போட்டு, புளிச்ச மோர்ல முக்கி, புல்லு மேல நீளமா விரிச்சு வெயில் காட்டணும், காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், மாசக்கணக்குல நடக்குற வேலை. அதுல பொம்பளைங்க குனிஞ்சிருக்காங்க! ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், உண்மையிலயே குனிஞ்சு தான் இருக்காங்க. ஆனா எறும்பு சைஸ்ல. ஒரு அரிசியை நாலா ஒடச்சா ஒரு துண்டு எவ்ளோ இருக்கும், அவ்ளோ. இதை அம்மாவுக்கு ஃபார்வேர்டு பண்ணினா என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியும், அதனால அனுப்பல.

கடன்காரனோட கிராமம்

இதுக்கு நடுவுல வான் ஹோயனைப் பத்தியே கொஞ்சம் தோண்டினேன், அது நான் எதிர்பாக்காத பக்கம் கொண்டு போச்சு. அவர் கிராமத்துல இருந்தவரே இல்ல. லெய்டன்ல பொறந்து, ஹார்லம்ல எசாயாஸ் வான் டி வெல்டங்கற பெயின்டர்கிட்ட கத்துக்கிட்டு, 1632-ல இருந்து சாகற வரைக்கும் ஹேக் நகரத்துல தான் வாசம். வீடு வாங்கி விக்கிறது, நிலம் வாங்கி விக்கிறது, ஏலம்னு எல்லாத்துலயும் கை வச்சிருக்கார், எதுவும் விளங்கல. 1637 தொடக்கத்துல ட்யூலிப் கிழங்கு வாங்கிப் பணம் போட்டிருக்கார், அதுவும் சரியா மார்க்கெட் விழப்போற நேரம் பாத்து. எங்க ஆபீஸ்ல கிரிப்டோவுல விட்டவங்க ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க மூஞ்சி தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. 1656-ல அவர் சாகும்போது கடன் மட்டும் 18,000 கில்டர், அந்தக் காலத்து டச்சு காசு. பொண்ணைக் கட்டின மருமகனும் பெயின்டர் தான், யான் ஸ்டேன், அவருக்கும் கடைசி வரைக்கும் கையில காசு நின்னது இல்ல.

நான் உருகி உருகிப் பாத்த அந்த 1653-ம் வருஷத்து டிராயிங் எல்லாம் அந்த மாதிரி நெருக்கடியில வந்தது தான். 1651-ல இருந்து 1653 வரைக்கும் பெயின்டிங்கை ஏறக்குறைய நிறுத்திட்டு நூத்துக்கணக்குல இப்படி சின்னச் சின்ன படமா வரைஞ்சு, கையெழுத்து, வருஷம் எல்லாம் போட்டு வித்திருக்கார். வெளிய போறப்ப குட்டி நோட்டுல கிறுக்கிக்குவார், அது நேர்ல பாத்தது, சந்தேகமே இல்ல. அப்புறம் ஹேக் வீட்டுல உக்காந்து நோட்டைப் பாத்து, இந்த ஆத்தையும் அந்தக் கூரையும் சேத்து விக்கிற படமா ஆக்குறது. வரிசையா நிறைய படம் பாத்தா புரியும், மூட்டை தோள்ல போட்ட அதே ஆளு வருவான், அதே கூடைக்காரி வருவா, அதே நாய் வாலைத் தூக்கிட்டு நிக்கும். சினிமாவுல கூட்டத்துக்கு வந்து நிக்கிற துணை நடிகர்ங்க மாதிரி. இதை வாங்கினவங்க டவுன்காரங்க. ஊறுகாய் பீப்பாய், சணல் மூட்டை, கணக்கு நோட்டுன்னு நாள் முழுக்க கிடந்துட்டு ராத்திரி ஆல்பத்தைத் திறந்தா ஒரு ஆறு, ஓடம், அவசரமே இல்லாத நாலு பேரு. குனிஞ்ச முதுகைப் பாக்க அவன் எதுக்குக் காசு குடுப்பான்?

இந்த விளக்கத்தோட நிறுத்தியிருக்கலாம். டவுன்காரன் ரசனை, கிராமத்தான் உழைப்பை மறைச்சுட்டான், முடிஞ்சுது கதை. ஃபேஸ்புக்ல போட்டா நல்லா போகும். ஆனா ஏதோ இடிச்சுது. ஏன்னா மறைக்கணும்னா முதல்ல அங்க அது இருந்திருக்கணும். அம்மா தேடின குனிவு, அந்த நிலத்துல எவ்ளோ இருந்துச்சு?

அவங்க சோறு எங்க விளைஞ்சது

ஹாலந்து நிலம் பெரும்பாலும் பீட்ங்கற மக்குன கரிமண். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாய்க்கா வெட்டி தண்ணியை வடிச்சு வெள்ளாமை வச்சாங்க. தண்ணி வடிஞ்சா அந்த மண்ணு காத்து பட்டு சுருங்கிப் போகும், நிலமே கீழ இறங்கும். இறங்க இறங்க மறுபடி ஈரம். கொஞ்ச நூறு வருஷத்துல தானியம் போட முடியாத அளவுக்கு சொத சொதன்னு ஆயிடுச்சு, மிச்சம் விளையறது புல்லு தான். புல்லுன்னா மாடு, மாடுன்னா வெண்ணெய், சீஸ். அப்ப ரொட்டிக்கு? கப்பல்ல வந்துச்சு. பால்டிக் கடல் பக்கம் டான்சிக்ல இருந்து, அதாவது இன்னைக்கு போலந்துல இருக்குற க்டான்ஸ்க், ரை தானியம் கப்பல் கப்பலா ஆம்ஸ்டர்டாம் குடோனுக்கு வந்து இறங்குச்சு. அங்க ஜமீன் நிலத்துல வாரத்துல பல நாள் கூலி இல்லாம உழைச்சே ஆகணும்னு கட்டிப் போட்ட குடியானவங்க விளைவிச்சது. டச்சுக்காரங்க இந்த தானிய வியாபாரத்துக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்க. மூடர்நெகோட்சி. தாய் வியாபாரம். மத்த எல்லா வியாபாரமும் இதுல இருந்து பொறந்ததுங்கறதால.

இதைப் படிச்ச அன்னைக்கு ரயில்ல இருந்தேன், வுர்டன் தாண்டி ரெண்டு பக்கமும் மட்ட புல்லு, மாடு, கோடு போட்ட மாதிரி வாய்க்கா. தினம் பாக்குறது தான். முதுகு வளையல வளையலன்னு மூணு மாசமா ஹாலந்து பேப்பருக்குள்ள தேடிட்டு இருந்திருக்கேன், அந்த முதுகுங்க ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி டச்சு பேனாவே எட்டாத இடத்துல குனிஞ்சிருந்துச்சு. வான் ஹோயன் ஓடத்துல நிக்கிற ஆளு மடியில ரொட்டி வச்சிருந்தா அது அங்க இருந்து வந்த மாவு.

அதுக்காக இங்க குனியவே இல்லன்னு சொல்ல வரல. புல்லு அறுக்கணுமே. ஜூன் ஜூலைல ஜெர்மனி வெஸ்ட்ஃபாலியா பக்கம் இருந்து கூட்டம் கூட்டமா அரிவாளைத் தோள்ல போட்டுட்டு நடந்தே வந்து அறுத்துக் குடுத்துட்டு போவாங்க, ஹானகமாயர்னு பேரு. கரிமண்ணைத் தண்ணிக்கு அடியில இருந்து வாரி எடுத்து, செங்கல் மாதிரி அறுத்துக் காய வச்சு அடுப்புக்கும் சாராயக் காய்ச்சலுக்கும் சூளைக்கும் அனுப்பணும், அந்த வேலை செஞ்ச இடமெல்லாம் பின்னாடி தண்ணி நின்னு ஏரி ஆயிடுச்சு. நான் பாத்த நூத்துக்கணக்கான படத்துல புல்லு அறுக்க வந்தவனும் கரிமண் வாரினவனும் அபூர்வத்துலயும் அபூர்வம். பேம்ஸ்டர் கதை இன்னும் தமாஷ். ஆம்ஸ்டர்டாம் வியாபாரிங்க காசு போட்டு ஒரு பெரிய ஏரியையே வத்த வச்சாங்க, நாப்பதுக்கு மேல காத்தாலை, நடுவுல 1610-ல அணை ஒடஞ்சு மறுபடி முழுசா ரொம்பி, மறுபடி இறைச்சு, 1612-ல தரை தெரிஞ்சுது, கிட்டத்தட்ட 7,000 ஹெக்டேர். உலகமே வந்து பாத்த விஷயம். ஒரு ஞாயித்துக்கிழமை அங்க சைக்கிள்ல போனேன், ரோடு ஸ்கேல் வச்ச மாதிரி நேர், வயல் எல்லாம் ஒரே அளவு கட்டம், மூணு மணி நேரம் ஓட்டியும் ஒரு வளைவு கிடையாது. இந்த இடத்தை மேப்பா வரைஞ்சாங்க, அழகழகா வரைஞ்சாங்க. காட்சியா வரையணும்னு ரொம்ப பேருக்குத் தோணவே இல்ல போல. சாக்கட்டியை எடுத்துட்டு எல்லாரும் போனது சாஞ்ச கூரையையும் சேறு ரோட்டையும் தேடித் தான்.

மணி அடிச்சுட்டு நிக்கணும்

இவ்ளோ தெரிஞ்சதுக்கு அப்புறம் வான் ஹோயன் கசந்து போயிருக்கணும் இல்ல? கொஞ்ச நாள் கசந்துச்சு தான். வால்பேப்பரை மாத்திட்டேன். அப்புறம் செப்டம்பர்ல லெக் ஆத்தைக் கடக்க வேண்டி வந்துச்சு. பாலம் இருக்கு, ஆனா எங்கயோ இருக்கு, சைக்கிள்காரங்களுக்கு இன்னைக்கும் சின்ன ஓடம் தான், பொன்ட்டுன்னு சொல்லுவாங்க. கரையில ஒரு மணி தொங்கும், அடிச்சுட்டு நிக்கணும், அந்தக் கரையில இருந்து அவர் வரணும். அவர் வரல. யாரையோ ஏத்திட்டு இருந்தார், அப்புறம் ஒரு பெரிய சரக்குக் கப்பல் வந்துச்சு, அது போற வரைக்கும் குறுக்க வர முடியாது. நான், ஒரு வயசான தம்பதி, ஸ்கூல் பசங்க ரெண்டு பேரு, ஒரு நாய். யாரும் யார்கூடவும் பேசல. எல்லாரும் பாக்கெட்ல கையை விட்டுட்டு காத்துக்கு முதுகைக் காட்டாம ஆத்துப் பக்கமா திரும்பி நின்னோம். இருபது நிமிஷம் இருக்கும்.

பின்னாடி இருந்து யாராவது பாத்திருந்தா அஞ்சாறு கோட்டுல முடிச்சிருப்பாங்க எங்களை.

அப்ப தான் ஒண்ணு பட்டுச்சு. தண்ணி நாட்டுல நிக்கறதும் தினப்படி வேலை தான். ஓடத்துக்கு நிக்கணும், மதகு திறக்க நிக்கணும், மில்லு சுத்த காத்து வரணும்னு நிக்கணும், அலை ஏறணும், ஐஸ் உருகணும். சந்தைக்கு ரெண்டு மாட்டை ஓட்டிட்டு போறவன் பாதி நாள் ஆத்தங்கரையில தான் கழிச்சிருப்பான், கால் மாத்தி மாத்தி நின்னுட்டு. அது ஓய்வு கிடையாது. பால் புளிச்சிட்டு இருக்கும், சந்தை கலைஞ்சுட்டு இருக்கும், இவன் ஒண்ணும் செய்ய முடியாம அந்தக் கரையையே பாத்துட்டு இருப்பான். வான் ஹோயன் கடனுக்காக வரைஞ்சாரோ, ஹேக் மாடியில உக்காந்து வரைஞ்சாரோ, அந்த நிக்கிறது மட்டும் நேர்ல பாத்தது. முதுகுக் கோடு ஏன் அவ்ளோ அழுத்தம்னு லெக் கரையில காத்து அடிச்சப்ப தான் எனக்குப் புரிஞ்சுது. அம்மா கேள்விக்கு இது பதில் ஆகாது. வால்பேப்பரை மட்டும் திரும்ப வச்சுக்கிட்டேன்.

கருப்பு சாக்கட்டி, 1885

நவம்பர்ல ஆட்டர்லோ போனேன், க்ரோலர்-ம்யூலர் மியூசியம், காட்டுக்கு நடுவுல இருக்கும், கேட்டுல வெள்ளை சைக்கிள் ஒண்ணை எடுத்துட்டு மிதிக்கணும். வான்கோவுக்காக கூட்டம் வர்ற இடம், ஆனா கூட்டம் எல்லாம் மஞ்சளும் நீலமும் இருக்குற பெயின்டிங் முன்னாடி. டிராயிங் பக்கம் மறுபடியும் அதே மங்கல் லைட்டு. அங்க இருந்தா அவ. பெரிய பேப்பர் முழுக்க ஒரே ஒரு பொம்பளை, பின்பக்கம் இருந்து, இடுப்புல இருந்து ஒடஞ்ச மாதிரி குனிஞ்சிருக்கா. பாவாடை கூடாரம் மாதிரி விரிஞ்சு மேல ஏறியிருக்கு, கெண்டைக்கால் தெரியுது, மரக்கட்டைச் செருப்பு மண்ணுல பதிஞ்சிருக்கு. முகம் இல்ல, தலையில கட்டின குல்லா ஓரம் மட்டும் முட்டிக்குப் பக்கத்துல. 1885 கோடை, நூனன் கிராமம். கருப்பு சாக்கட்டி. வான் ஹோயன் கையில இருந்த அதே சரக்கு, 230 வருஷம் கழிச்சு. அங்க ஒரு முதுகுக்கு ஒரு கோடு, இங்க அந்த முதுகுக்கு மட்டும் சாக்கட்டி எத்தனை தடவை போயிருக்குன்னு எண்ண முடியல, சில இடத்துல பேப்பர் பளபளன்னு தேஞ்சிருக்கு.

அவர் அந்த வருஷம் தம்பி தியோவுக்கு எழுதின லெட்டர்ல இதையே தான் பேசியிருக்கார், பள்ளிக்கூடத்துல கத்துக் குடுக்குற சரியான உருவம் மண்ணு வெட்டாது, என் ஆளுங்க வெட்டணும், அளவு தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சரியா வந்தா தான் எனக்கு வருத்தம்ங்கற அர்த்தத்துல. உண்மை தான், இவளுக்கு இடுப்பு அளவு தப்பு, கால் குட்டை, ஆனா பாக்குற நமக்கு இடுப்பு வலிக்குது. நான் அங்க எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல, காவலுக்கு நின்ன அம்மா ஒருத்தங்க ரெண்டு தடவை என் பின்னாடி வந்துட்டு போனாங்க.

ஃபிளாஷ் இல்லாம ஒரு ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கீழ எதுவும் எழுதல. மறுநாள் காலையில வாய்ஸ் மெசேஜ் வந்திருந்துச்சு, பின்னாடி மிக்ஸி சத்தம். "இது சரி. இவளுக்கு வேலை தெரிஞ்சிருக்கு. ஆனா ஒரு கையை முட்டியில ஊனிக்கணும்டி, ஊனாம இப்படியே தொங்கிட்டு இருந்தா பொழுதுக்கும் எந்திரிக்க முடியாது. பாவம் யாரு பெத்த புள்ளையோ."

அன்னைக்கு சாயங்காலம் ஃபோன்ல மிச்சக் கதையைச் சொன்னேன். இவ நிஜமா வயல்ல கதிர் பொறுக்கிட்டு இருந்தப்ப வரைஞ்சிருக்க முடியாதும்மா, இவ்ளோ பெரிய படத்துக்கு அந்தப் பொண்ணு அப்படியே நின்னாகணும். அந்த ஊர்க்காரங்களுக்குக் காசு குடுத்து இப்படி குனிஞ்சு நில்லு, அப்படி தூக்குற மாதிரி நில்லுன்னு நிக்க வச்சு தான் வரைஞ்சார், காசு தம்பி மாசா மாசம் அனுப்பினது. அப்புறம் அந்த ஊர் சர்ச் பாதிரியாருக்குப் பிடிக்காம, அவனுக்கு நிக்கப் போகாதீங்க, போகாம இருந்தா நான் காசு தர்றேன்னு சொல்லியிருக்கார், அதோட அந்த ஊர்ல அவருக்கு ஆளு கிடைக்கல, கொஞ்ச நாள்ல ஊரை விட்டே போயிட்டார். இதெல்லாம் சொல்லிட்டு, அம்மாவுக்கு ஏமாத்தமா இருக்கும்னு நினைச்சேன், நான் வான் ஹோயனைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டப்ப இருந்த மாதிரி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அசையாமயா நின்னா?"

"ஆமாம்மா."

"குனிஞ்சு வேலை செஞ்சா அவ்ளோ தெரியாதுடி, கை போற போக்குல பொழுது போயிரும், பக்கத்துல நாலு பேரு பேசிட்டு வருவாங்க. குனிஞ்சு சும்மா நில்லுன்னா அஞ்சு நிமிஷத்துல இடுப்பு விட்டுப் போயிரும். எவ்ளோ குடுத்தான் அவளுக்கு?"